அம்மா வராத குழந்தை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தபோது, அந்த வாய்தான் எனக்குச் சோறு போட்டது.

மதகடிப்பட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாய்மாமன் அழைத்து வருவார். துணிக்கடை வைத்திருந்த, அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா திடீரென்று இறந்துபோனதிலிருந்து, பள்ளியில் வாத்தியாரிடம் அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் டாக்டரிடமும் அப்படியே. வீட்டில் பேசுவதாக மாமன் சொன்னதை டாக்டர் சமாளிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

"அம்மா ஏன் வரலை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"அவங்க வர முடியாதுங்க," என்பார் மாமன், தலைகுனிந்தபடி.

டாக்டர் வெளியூர்க்காரர். நல்லவர், ஆனால் அவசரக்காரர். தாய்க்கு அக்கறை இல்லை, குழந்தையைக் கொஞ்ச காலம் விடுதியில் வைத்துப் பார்ப்போம் என்று முடிவு கட்டிவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தாவைப் பறிகொடுத்த புள்ளய அம்மாகிட்டேருந்தும் பிரிக்கிறதா? அந்தம்மா இத்தா இருக்காங்க சார். புருஷன் செத்தா முஸ்லிம் வூட்டுப் பொம்பளைங்க நாலு மாசத்துக்கு மேல வூட்டுக்குள்ளயே இருப்பாங்க. கூடப்பொறந்தவரு அத எப்படிக் கண்டவங்ககிட்ட சொல்லுவாரு? ஒரு வாரம் குடுங்க, நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

கொடுத்தார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது எங்கள் வேலைக்கும் பொருந்தும்.

விழுப்புரம் பஸ்ஸில் போய் மதகடிப்பட்டில் இறங்கினேன். பெண் என்பதால் அவர்கள் வீட்டில் உள்ளறைவரை விட்டார்கள். நுழையும்போதே குழந்தையின் குரல்! பூனைக்கு மீன் வைக்கவில்லை என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"இன்னாடி, இவ்ளோ பேசற. டாக்டர்கிட்ட மட்டும் ஏன் பேசல?"

"அவரு ஆம்பள. அம்மா இத்தா இருக்காங்கல்ல, வெளி ஆம்பளைங்ககிட்ட பேச மாட்டாங்க. அம்மா மட்டும் தனியா இருந்தா பாவம். அதான் நானும் இருக்கேன்."

வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய்க்கே அது அப்போதுதான் தெரிந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதார். "நீ கொழந்தடி. ஒனக்கு இத்தா கெடையாது. எல்லார்கிட்டயும் பேசு, என் கண்ணு." நானும் அழுதேன். அழக்கூடாது என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது அங்கே செல்லுபடியாகவில்லை.

அடுத்த வாரம் மாமனோடு வந்தாள். நான் டாக்டரிடம் எதுவும் விளக்கவில்லை. "நீங்களே கேளுங்க சார்," என்றேன்.

அவர் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக அவர் மேசைக்குப் போனாள். "டாக்டரே, எங்கம்மா ஒங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாங்க. அவங்களால வர முடியல, கோச்சிக்க வேணாம்னாங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். விடுதிப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

"நானும் சலாம் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லும்மா," என்றார்.