மூன்றாவது லைன்

வயர்மேனுக்கு அந்த முதலாளி மேல் இருக்கும் கடுப்பு இன்றுவரை ஆறவில்லை. அந்த ஆபீஸ் எப்போதோ இடம் மாறிப் போய்விட்டது. கட்டிடத்தில் இப்போது கண்ணாடிக் கடை இருக்கிறது. இருந்தும் அந்தத் தெருவில் கால் வைக்க நேர்ந்தால் அவர் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பார். "நாய் வளர்த்தேன், திருடன் வந்தப்போ தூங்கிடுச்சு" என்று அந்த ஆள் சொன்னது யாரை? வயர்மேனுடைய சொந்த அக்கா புருஷனை, அவர் மாமாவை. அதுவும் ஆபீஸே கூடி நிற்கும்போது, மச்சினன் இவர் ஏணி மேல் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது.

மாமா அங்கே நெட்வொர்க் பார்த்தார். கப்பலில் போகும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற ஆபீஸ் அது. காகிதம் என்பது பேச்சுக்குத்தான். எல்லாம் கம்ப்யூட்டரில் போய்க் கம்ப்யூட்டரில் வரும். நெட் கொஞ்ச நேரம் படுத்தால் துறைமுகத்தில் சரக்கு நிற்கும், முதலாளி வாயிலிருந்து வரக்கூடாததெல்லாம் வரும். அதனால் மூன்று கம்பெனிகளிடம் மூன்று லைன் வாங்கியிருந்தார்கள். மூன்றும் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்கு வந்து, பயர்வால் என்கிற தட்டையான பெட்டியின் முதுகில் சொருகியிருக்கும். ஒரு லைன் செத்தால் வேலையை அடுத்த லைனுக்குத் தள்ளிவிடுவது அந்தப் பெட்டி. வெளியிலிருந்து வருவதில் எதை உள்ளே விடலாம், எதை வாசலோடு விரட்டலாம் என்று பார்ப்பதும் அதுதான். லைனுக்கு லைன் தனித்தனியாகச் சட்டம் எழுதி வைத்திருந்தார் மாமா. சுவரைத் துளைத்து வயர் இழுத்துக் கொடுத்தது வயர்மேன்.

"ஒரு வாசல்னா ஒரு பூட்டு மாப்ளே. மூணு வாசல் வெச்சுட்டு ரெண்டை மட்டும் பூட்டினா, அது பூட்டின கணக்கா?" என்பார் மாமா. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி, ஆபீஸில் அவருக்குக் 'கதவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. "நெட்டு படுத்துடுச்சு, கதவைக் கூப்பிடு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

வினை கணக்கர் ரூபத்தில் வந்தது. பேங்க் பக்கத்தைத் திறந்து பாதி வேலையில் இருப்பார் கணக்கர்; பெட்டி லைனை மாற்றும். இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று அந்தப் பக்கமிருந்து பேசினால் பேங்க் சும்மா இருக்குமா? வெளியே தள்ளிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரி என்று மாமா, பேங்க் வேலை மட்டும் ஒரே லைனில் போகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். அந்த லைன் படுத்த அன்றைக்கு மொத்தமாகவே பேங்க் இல்லை. கணக்கருக்கு மூக்கு நுனியில் கோபம். மாடிப்படி அறைக்குப் போனார், மூன்றாவது லைனைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார், ஒரு நீள வயரைப் போட்டு நேராகத் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டரின் இன்னொரு வயர் ஆபீஸ் முழுவதற்கும் போகிறது. ஆக, பெட்டி வாசலில் காவல் நிற்க, ஊரே கொல்லைப்புறமாக உள்ளே வரலாம் என்றாகிவிட்டது.

மாமா பார்க்கும்போதெல்லாம் பிடுங்கிப் பெட்டியில் மாட்டுவார். அவர் தலை மறைந்ததும் கணக்கர் இழுத்துக்கொள்வார். கடைசியில் விஷயம் முதலாளி அறைக்குப் போனபோது, வயர்மேன் அங்கே ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இது முன்னாடி சுவர் கட்டிட்டுப் பின்னாடி இடிச்சு விட்ட மாதிரி" என்றார் மாமா.

"சம்பளம் போடற நேரம்யா. அவரு வேலை முடியட்டும். எப்பப் பாரு கதவு கதவுன்னு."

"முடிஞ்சதும் நானே மாட்டிடறேன் கதவு சார்" என்று கணக்கர் பல்லைக் காட்டினார்.

அந்த வாரம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மாமா லீவு போட்டார். கணக்கர் லைனைத் திரும்பப் பெட்டியில் மாட்டவில்லை. மாமா திரும்பி வந்தபோது எல்லாத் திரையிலும் ஒரே சிவப்பு எழுத்து: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம். எடுத்து வைத்திருந்த நகல்களும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. அவையும் போயின.

விசாரிக்கிறேன் என்று முதலாளி எல்லாரையும் கூட்டினார். அந்த ஹாலில் டியூப்லைட் மாற்ற ஏணி மேல் நின்றிருந்த வயர்மேன் மேலிருந்தே தேடினார். நீள வயரைக் காணவில்லை. கணக்கரின் இழுப்பறை மட்டும் சரியாக மூடாமல் துருத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த நாய்ப் பேச்சு வந்தது.

"சார், கணக்கர் இழுத்த வயரு ஒண்ணு இருந்துச்சே" என்றார் வயர்மேன்.

"உன்னை யாருய்யா கேட்டா? லைட்டை மாட்டு."

மாமா அண்ணாந்து பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். அனுமதி கொடுத்த வாயே பழி சொல்லும்போது எவனிடம் போய் நியாயம் கேட்பது? அன்றைக்கே மாமாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஏறாத படி இல்லை. எந்த ஆபீஸுக்குப் போனாலும் பழைய ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார்கள். கேட்டதும் முகம் மாறிவிடும். மாமா பழைய பயர்வால் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி, வீட்டுக்கு ரெண்டு லைன் போட்டு, ஹாலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்த வீட்ல திருட என்னடா இருக்கு தம்பி? ஓட்டை வாளியும் இந்த மனுஷனும்தான். ரெண்டையும் எவனும் தூக்கிட்டுப் போகமாட்டேங்கறான்" என்றாள் அக்கா.

"கை மறந்துடக்கூடாதுல்ல. நாளைக்கே எவனாவது கூப்பிட்டா?" என்றார் மாமா. திரையில் வரிசையாக ஓடுவதைக் காட்டினார். "பாருங்க மாப்ளே, எங்கெங்கிருந்தோ வந்து நம்ம வீட்டைத் தட்டிப் பாக்கறான்."

"வேலை குடுக்கத் தட்டறானா மாமா?"

"அதுல ஒருத்தனும் இல்ல."

ஒரே ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸ் கூப்பிட்டது. அங்கேயும் ரெண்டு லைன். மாமா போய்ப் பேசினார், திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது: இப்போதைக்கு ஆள் வேண்டாமாம். மாமா சரிங்க, சரிங்க என்று வைத்துவிட்டார். சட்டை ஹாங்கரிலேயே தொங்கியது. அதற்கப்புறம் அவர் யாருக்கும் விண்ணப்பம் போடவில்லை, பெட்டிக்கு முன்னால் உட்காருவதோடு சரி.

மூச்சு வாங்குவது எப்போது தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நுரையீரலில் மிச்சம் அதிகமில்லை என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வயர்மேன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போவீங்களா மாப்ளே?"

"அக்காவுக்கு மாத்துத் துணி எடுக்கப் போகணும் மாமா."

"அப்படியே அந்த ரெண்டு கம்பெனிக்கும் போன் பண்ணி, லைன் இனிமே வேணாம்னு சொல்லிடுங்க. பெட்டியையும் நிறுத்திடுங்க."

"எதுக்கு? எவனாவது கூப்பிட்டா..."

"எவன் கூப்பிடப் போறான்."

வயர்மேன் எழுந்தார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"முதல்ல லைன் ரெண்டையும் புடுங்குங்க. அப்புறம்தான் பெட்டியை நிறுத்தணும். மாத்திச் செஞ்சுடாதீங்க மாப்ளே."