எட்டு மாதம் கடலோரம் குடியிருந்தவன்

போன ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றிருந்தோம். என் முழங்கையைப் பிடித்தபடி பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா. மூன்று வருடமாக அவளுக்குப் பார்வை இல்லை.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் சகாயம் வந்தார். மகளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"சார், நீங்க எட்டு மாசம் அங்கன குடியிருந்தீகள்ல? புள்ளய விடப் போறப்ப நாங்களும் ரெண்டு நாள் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம். என்னென்ன பாக்கணும், சொல்லுங்க."

யோசித்தேன்.

"பீச்... பீச் நல்லா இருக்கும்" என்றேன்.

"அது எனக்கே தெரியுமே சார். ஜியாக்ரபி வாத்தியாரு சொல்ற பதிலா இது?"

முப்பத்தைந்து வருடம் புவியியல் நடத்தியவன் நான். வங்காள விரிகுடாவைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவேன். அதன் கரையில் எட்டு மாதம் இருந்துவிட்டுச் சொல்ல ஒரு வரி இல்லை.

ஸ்டெல்லாதான் சகாயத்தின் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலம் அஞ்சரைக்குப் போங்க தம்பி. வெயிலு முதுகுப் பக்கம் போயிரும். தண்ணி நீலத்துலருந்து பச்சையாகி, செத்த நேரத்துல ஈயம் மாதிரி ஆயிரும். கரையில கறுப்புக் கல்லு கொட்டியிருக்கும். அதுல நண்டு ஏறி உக்காந்திருக்கும், நம்ம நிழலு பட்டாலே ஒளிஞ்சுக்கும். பின்னாடி தெருவுல மஞ்சச் சுவரு வீடா இருக்கும், காகிதப்பூ ரோடு வரைக்கும் தொங்கும். பௌர்ணமி பாத்துப் போனீகன்னா நிலா அம்புட்டுப் பெருசா, தண்ணிக்குள்ளருந்து ஈரமா வரும்."

"ஏக்கா, இம்புட்டுப் பாத்திருக்கீக. சாரை மட்டும் வீட்டுல பூட்டிட்டா போனீக?"

சகாயம் சிரித்தார். ஸ்டெல்லாவும் சிரித்தாள்.

என்னைப் பூட்டியது நான்தான். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். இந்த வாரம் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடம் முன்பு மதுரையில் கண் டாக்டர் சொன்னார் - கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வரும். ஒரு நாள் முழுதாகப் போய்விடும். பஸ்ஸில் திரும்பும்போது ஸ்டெல்லா அழவில்லை. கொடைரோடு தாண்டியதும் கேட்டாள்.

"ஏங்க, பார்வை இருக்கறப்பவே கொஞ்ச நாள் கடல் பக்கத்துல போயி இருப்போமா?"

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். போனோம். முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீடு. பதினைந்து நிமிடம் நடந்தால் கடல். அவசரமில்லாத ஊர். மத்தியானம் கடைகளை மூடிவிட்டுத் தூங்குகிற ஊர்.

ஆனால் நான் திண்டுக்கல்காரன் ஆயிற்றே.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால், சொந்தக்காரர் கல்யாணமே ஆனாலும் வீட்டில் ஒருவர் நின்றுகொள்வார். தண்ணீர் பிடிக்க. அந்த நாளை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் நான்.

புதுச்சேரியில் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் வந்தது. போன முதல் வாரமே நான்கு டிரம் வாங்கினேன். அப்புறம் இன்னும் இரண்டு. நிறைந்திருந்த டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன். வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார், கப்பலுக்கா தண்ணி ஏத்துறீங்க?" என்பார்.

மாலைத் தண்ணீர் வருவது ஐந்தரைக்கு.

"வாங்க, கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோம்" என்று தலை வாரிக்கொண்டு வந்து நிற்பாள் ஸ்டெல்லா.

"தண்ணி விட்ருவான். நீ போயிட்டு வா. நாளைக்கு நான் வாரேன்."

இந்த 'நாளைக்கு'வை எத்தனை தடவை சொன்னேன் என்கிறீர்கள்? தினமும்.

அவள் தனியாகப் போனாள். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்வாள். நான் டியூப்பை இந்த டிரம்மிலிருந்து அந்த டிரம்முக்கு மாற்றிக்கொண்டே "ம்" போடுவேன். ஈயத் தண்ணீரும் நண்டும் அப்போதே சொன்னவைதான். போன ஞாயிறுதான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

ஏழாவது மாதம் ஒரு மாலை, தாடையில் ரத்தத்தோடு வந்தாள். தெருவோரம் நிறுத்தியிருந்த பைக் அவள் கண்ணில் படவில்லை, மோதி அதன் மேலேயே விழுந்திருக்கிறாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்க வேண்டும். நான் சத்தம் போட்டேன். "தெரியாத கண்ண வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த ஊர்சுத்தல்?"

அன்றோடு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை இல்லை, கேள்வி இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட. ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு திண்டுக்கல் வந்துவிட்டோம். அப்போது அவளுக்கு நேரே பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பார்வை மிச்சம் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அவள் பார்த்தது எங்கள் வீட்டுச் சுவரை.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டேன். "ஸ்டெல்லா, திரும்ப ஒரு மாசம் அங்க போயி இருப்போமா? தினமும் கூட வாரேன். நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்."

துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் விரலாலேயே பொறுக்குகிறாள். கை நிற்கவில்லை.

"வேணாங்க. எங்கிட்ட ஒரு கடல் இருக்கு. அலுங்காம வச்சிருக்கேன். நீங்க புதுசா ஒண்ணச் சொல்லி அதக் கலைச்சுறாதீக."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

அவளுக்குள் இருக்கும் அந்தக் கரையில் நண்டுக்கு இடம் இருக்கிறது, காகிதப்பூவுக்கு இடம் இருக்கிறது. ஒரு நாள்கூட உடன் வராதவனை அவள் எங்கே நிற்க வைப்பாள்?