இரட்டைக் கொம்புக் கிதார்

கையில் ஒரு கிதார் கிடைத்தால் அகாலி முதலில் அதை மீட்டிப் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்புகிறான். கழுத்தை வலது கையில் பிடித்து, உடலைத் தொடையில் சாய்த்து, இடது முழங்கையை அதன் மேல்விளிம்பில் வைத்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கை எங்கே இடிக்கிறது, எது கையை உறுத்துகிறது என்று பார்க்கிறான். ஆடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதில் இருக்கும் நிதானம் அது. பெரும்பாலும் ஒரு தந்தியைக்கூடத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவான். "நல்ல சாமான்தான். ஆனா இதுக்கு என்னைப் பிடிக்கல" என்பான்.

பாலைவன நகரமான அகடெஸின் பெரிய சந்தைக்குப் பின்புறம் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். வயது நாற்பதைத் தொடப் போகிறது. மலைப் பள்ளத்தாக்குகளின் வெங்காயத் தோட்டக்காரர்கள் லாரி முதுகில் மோட்டாரைக் கொண்டுவந்து அவன் வாசலில் இறக்குகிறார்கள். திருகு கழற்றுவது இடது கை. அதே கையின் கட்டைவிரல் நகம்தான் மாலையில் தந்தியை மீட்ட வேண்டும் என்பதால், தினமும் காலையில் நகத்தின் மேல் செருப்பு ஒட்டும் பசையைத் தடவி, ஊதி ஊதிக் காயவைக்கிறான். சாப்பிடவும் ஸலாம் சொல்லிக் கை கொடுக்கவும் வலது கை; அதில் அவன் தவறியதில்லை. "ஒரு கைக்கு வேலை, இன்னொரு கைக்கு மரியாதை. ரெண்டும் சேந்து ஒருநாளாவது தண்ணி எடுத்துட்டு வருதான்னு பாருங்க" என்பாள் அவன் மனைவி ரைஷாத்து.

அவன் கற்றுக்கொண்ட காலத்தில் தெரு முழுவதற்கும் ஒரே கிதார். ஒருவனுடைய இடது கைக்காகத் தந்திகளை மாற்றிக் கட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எனவே வலக்கைக்காரர்களின் கிதாரை அப்படியே கவிழ்த்து வைத்துப் பழகினான். மற்றவர்கள் கட்டைவிரலால் தடித்த தந்தியைத் தட்டிக்கொண்டே மற்ற விரல்களால் பாட்டை வாசிப்பார்கள். இவனுக்கு மெல்லிய தந்தி மேலே வந்துவிட்டது. ஆகவே பாட்டு கட்டைவிரலுக்குப் போனது, அடிநாதம் சுட்டுவிரலுக்கு வந்தது. இவன் வாசிப்பில் பாட்டு முன்னே நடக்கிறது, அடிநாதம் அரை அடி தள்ளிப் பின்னே வருகிறது. பெரிய கலைஞன் என்று சொல்ல முடியாது. இவனைவிட வேகமான விரல்கள் ஊரில் ஆறேழு பேருக்கு உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இவன்தான் என்று தெரியும். அதுவும் சிறிய விஷயம் இல்லை.

சொந்தக் கிதார் வாங்கத் தொடங்கிய பிறகுதான் தொல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வைத்துப் பார்த்தான். முதலில், ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் ஒற்றைக் கொம்புப் பலகை. உச்சிக் கட்டங்களுக்கு விரல் எட்டுவதற்காகக் கழுத்தடியில் ஒரு பக்கம் மட்டும் கொம்புபோல் வளைத்து வெட்டியிருப்பார்கள். கவிழ்த்தால் அந்த வெட்டு மேலே போய்விடும். கீழேயிருந்து ஏறும் கை பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒலிக் குமிழ்களும் முழங்கைக்கு அடியில் வந்துவிடும். ஒரு கல்யாணத்தில் கை பட்டுக் குமிழ் திரும்பி, பாட்டு நடுவில் காணாமல் போனது. ஜெனரேட்டர் நின்றுவிட்டதென்று நான்கு பேர் ஓடினார்கள்.

அடுத்தது உள்ளே வெற்றிடமும் முகத்தில் இரண்டு துளைகளும் உள்ள பருத்த கிதார். வீட்டுக்குள் அதன் குரல் தேன். கல்யாண வெளியில் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார்ந்தால் தானாக ஊளையிடும். புழுதிக் காற்று வீசும் மாதங்களில் துளை வழியே மணல் இறங்கியது. அவனுடைய அத்தை மகன் அல்மூ அதை எடுத்துக் காதருகே குலுக்கினான்.

"மச்சான், இது கிதாரா, கிலுகிலுப்பையா?"

"உன் தலையைக் குலுக்கினாலும் இதே சத்தம்தான் வரும். கீழ வை."

கடைசியாக வந்தது இரட்டைக் கொம்பு. மெல்லிய கட்டைப் பலகை, கழுத்தின் இருபுறமும் ஒரே அளவில் வெட்டு, ஆட்டுக்கிடாயின் தலைபோல் இரண்டு கொம்புகள். திருப்பினாலும் அது அதுவாகவே இருந்தது. கொல்லுப் பட்டறைக்காரர் எஃபாத் குமிழ்களைப் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் முழங்கை படாத மூலையில் பொருத்தினார். வயர் செருகும் துளையை அடிவிளிம்புக்கு மாற்றினார். அன்று அகாலி கிதாரை மடியில் வைத்து, முழங்கையைச் சாய்த்து, உச்சிக் கட்டம் வரை விரலை ஏற்றிப் பார்த்தான். பிறகு, "போதும். இனிமே எதையும் பாக்க வேண்டாம்" என்றான். அதற்குப் பிறகு எந்தக் கடை வாசலிலும் கிதாரைப் பார்த்து அவன் நடை தயங்கியதில்லை. ஒன்றைத் தேர்வது மற்றவற்றைத் தள்ளுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அவன் மற்றவற்றைக் குறை சொன்னதே இல்லை. அவற்றைக் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். அந்த நிம்மதி அவன் முகத்தைக் கொஞ்சம் அகலமாக்கியிருந்தது.

அவன் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. இங்கே கல்யாணங்களில் கிதார் ஒருவரிடம் நிற்பதில்லை. ஒருவர் களைத்தால் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்வார், பாட்டு நிற்காது. இரட்டைக் கொம்பை அகாலி நீட்டினால் அல்மூ வாங்கித் திருப்பி மடியில் வைத்து வாசிக்கத் தொடங்கிவிடுவான். தந்திகள் வலக்கைக்காரர்களுக்கு உரிய வரிசையில்தானே இருக்கின்றன. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நிம்மதிக்கு ஆபத்து ஒரு சனிக்கிழமை, நல்லெண்ணத்தின் வடிவில் வந்தது. மாமனார் எல்மொக்தார் வெங்காய லாரியோடு எல்லை தாண்டித் தமன்ராசெட் போய்த் திரும்பும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த கிதார். செந்நிறம், ஒற்றைக் கொம்பு, அதுவும் சரியான பக்கத்தில். குமிழ்கள் சரியான இடத்தில். தந்திகளும் முறைப்படி இடக்கைக்கு ஏற்ற வரிசையில். மருமகனின் கையைக் கவனித்து, மூன்று நகரங்களில் விசாரித்து வாங்கிய மாமனார் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை அவருடைய இளைய மகனுக்குக் கல்யாணம். மருமகன் அதில்தான் வாசிக்கப் போகிறான் என்று தெரு முழுக்கச் செய்தி.

அகாலி வழக்கம்போல் முழங்கையைச் சாய்த்துப் பார்த்தான். எங்கும் இடிக்கவில்லை. கட்டைவிரலைப் பதித்தான், அவனுக்குத் தெரிந்த பாட்டு அங்கே இல்லை. மெல்லிய தந்தி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த தந்தி முழங்கியது. இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் ஒரே நொடியில் அந்நியமாயிற்று. செவ்வாய்க்கிழமை வரை கடைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து பழகினான். ஒரு பாட்டுகூட முழுதாக வரவில்லை.

வேண்டாம் என்று சொல்லலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இங்கே ஆண்கள் தலையோடு சேர்த்து முகத்துணி சுற்றுகிறார்கள்; மாமனாரின் கண்படும் இடத்தில் மருமகன் அதை மூக்கு வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். வாயைக் காட்டக் கூடாது, எதிர்வார்த்தை பேசக் கூடாது. அவர் கொடுத்ததைக் குறை சொல்வது என்ற ஒன்றுக்கு இங்கே வாசலே கிடையாது.

"நீ சொல்லேன்" என்றான் மனைவியிடம்.

"நானா? எங்கப்பா உனக்குன்னு தேடித் தேடி வாங்கினாரு. எனக்கு ஒரு செருப்பு வாங்கித் தந்ததில்ல. நான் போய் வேணாம்னு சொன்னா பொறாமைன்னு சொல்வாரு."

அல்மூவிடம் எளிய வழி இருந்தது. "கழுத்தை ஒரு தட்டு தட்டி உடைச்சிடு மச்சான். ஒட்டகம் மிதிச்சிருச்சுன்னு சொல்லு."

"நீ மிதிச்சன்னு சொல்றேன். நம்புவாரு."

ஆனால் அகாலி சிரிக்கவில்லை. இன்னொருவரின் அன்பைப் பொய்யால் உடைக்க அவனுக்கு மனம் இல்லை. உண்மையைச் சொல்ல வாய் இல்லை. புதன்கிழமை பட்டறைக்குப் போய்த் தந்திகளை இடம் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டான். எஃபாத் தந்திகள் படியும் எலும்புத் துண்டைப் பார்த்தார்.

"பள்ளத்தை அறுத்து மாத்தலாம். நாளைக்கு உன் மாமனார் பாத்துட்டு, நான் குடுத்ததை ஏன்டா அறுத்தன்னு கேப்பாரு. அறுக்கவா?"

அகாலி முகத்துணியை ஏற்றிக்கொண்டான். மாமனார் அங்கே இல்லாதபோதும்.

"சரி, போ. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றேன்" என்றார் எஃபாத்.

கொல்லர்களுக்கு இந்தச் சமூகத்தில் ஒரு தனி உரிமை உண்டு. குடும்பங்களுக்கு நடுவே போய்வருவது, பெண் கேட்பது, சமாதானம் பேசுவது எல்லாம் அவர்கள்தான். மற்றவர்கள் வெட்கப்பட்டு விழுங்குவதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம்; யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எஃபாத் அந்த உரிமையைத் தாராளமாகவே பயன்படுத்துகிறவர்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தொழுகை முடிந்து கூட்டம் சேர்ந்தது. பெண்கள் ஒரு பக்கம் உரலில் தோல் கட்டிய முரசைச் சுற்றி உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்கள். மாமனார் எதிரே பாய் விரித்து, நேராக மேடையைப் பார்த்து அமர்ந்தார். அகாலியின் மடியில் செந்நிறக் கிதார். துணிக்கு மேலே தெரிந்த கண்கள் காய்ச்சல்காரனின் கண்கள்போல் இருந்தன. இரண்டு முறை கட்டைவிரலைத் தந்தியின் மேல் வைத்து எடுத்தான்.

எஃபாத் தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்து நடுவில் வந்தார்.

"பெரியவரே, ஒட்டகத்தைப் பாத்துச் சேணம் வாங்கினீங்க. குத்தமே இல்ல. ஆனா உங்க மாப்பிள்ளை சின்ன வயசுலேர்ந்து சேணத்துல பின்பக்கமா உக்காந்தே ஓட்டிப் பழகிட்டான். இப்போ நேரா உக்காரச் சொன்னா விழுந்துருவான்."

முரசு நின்றது. மாமனார் மருமகனைப் பார்க்காமல் எஃபாத்தைப் பார்த்தார்.

"இடது கைக்குன்னு தெளிவாத்தானே கேட்டு வாங்கினேன்?"

"கடைக்காரன் சரியாத்தான் குடுத்திருக்கான். இவன் இடக்கைக்காரன் இல்ல. தலைகீழ்க் கைக்காரன். ஆறு நாளா இவனுக்குச் சாப்பாடு இறங்கல. உங்ககிட்ட சொல்ல வெட்கம். வெட்கத்துல செத்தாலும் சாவான், சொல்ல மாட்டான். நல்லா வளத்திருக்காங்க."

பெண்கள் பக்கம் யாரோ ஒருத்தி சிரித்தாள். ரைஷாத்துவாக இருக்கலாம். மாமனார் தாடியைத் தடவிக்கொண்டார். மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்த மருமகனிடம் கேட்காமல் அவர் எஃபாத்திடமே கேட்டார்:

"அப்ப அந்தக் கிதார் யாருக்கு ஆகும்?"

"இதுவரைக்கும் கிதாரைத் தொடாத இடக்கைக்காரன் எவனுக்காவது ஆகும்."

"உன் பட்டறையில மாட்டி வை. அப்படி ஒருத்தன் வந்தா குடு. நான் குடுத்ததுன்னு சொல்லு." பிறகு குரலைச் சற்று உயர்த்தி, "இவனோடதை எடுத்துட்டு வரச் சொல்லு. கல்யாணம் காத்துக்கிட்டு இருக்கு."

"காலையிலேயே இவன் வீட்டுலேர்ந்து கொண்டு வந்துட்டேன்" என்று எஃபாத் தாம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்த போர்வையை விலக்கினார். அடியில் இரட்டைக் கொம்பு.

அகாலி அதை வாங்கிக்கொண்டான். முழங்கையைச் சாய்த்துப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் தானாகப் போய் மெல்லிய தந்தியில் உட்கார்ந்தது. பாட்டு முன்னே நடக்க, அடிநாதம் அரை அடி தள்ளிப் பின்னே வந்தது. அல்மூ கை தட்டினான். பெண்கள் குலவையிட்டார்கள். வாசிப்பு சரியாகிவிட்டது, அவன் பாடும் குரல்தான் இன்னும் துணிக்குள்ளேயே இருந்தது. மூக்கு வரை ஏற்றிய முகத்துணிக்குள்ளிருந்து வந்த குரல் ஒலிவாங்கிக்குப் பாதிதான் எட்டியது. முதல் பாட்டை அப்படியே பாடி முடித்தான்.

இரண்டாவது பாட்டு தொடங்கியபோது மாமனார் எழுந்தார். அவர் தம் பாயைக் கையில் எடுத்து உதறி, மறுபக்கம் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி நிதானமாக உட்கார்ந்தார். தலை மட்டும் தாளத்துக்கு மெல்ல அசைந்தது. அந்த முதுகை அகாலி சிறிது நேரம் பார்த்தான். பிறகு தாளம் தவறாமல், தந்தியிலிருந்து ஒரு கணம் எடுத்த இடது கையால் முகத்துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, வாயைத் திறந்து பாடினான்.