முதல் லோடு

பேவர் மிஷினை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களைத்தான் பிடிக்கவில்லை. முன்னால் கொட்டும் காங்கிரீட்டை அள்ளிப் பரப்பி, அதிர வைத்து அமுக்கி, பின்னால் வழவழவென்று தளமாக விட்டபடி அது பாட்டுக்கு நகரும். அது கேட்பது ஒன்றே ஒன்று: காங்கிரீட் புதிதாக இருக்க வேண்டும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்காய் வியாபாரி குடோன் கட்டியிருந்தார். கன்டெய்னர் லாரிகள் வந்து திரும்பும் முற்றத்துக்குத் தளம் போட எங்கள் கம்பெனி போனது. காங்கிரீட்டின் தரம் பார்ப்பது என் வேலை. தளம் எங்காவது உடைந்தால் அடுத்த சைட் எனக்குக் கிடையாது என்று மேலதிகாரி முன்பே சொல்லிவிட்டார்.

ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. ஒன்பது மணி வரை நல்ல நேரம் என்றார்கள். தேனியிலிருந்து முதல் மிக்ஸர் லாரி சரியாக வந்து நின்றது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். பூசையில் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரிலும் சர்ச் சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் புது வண்டியை எடுக்க மாட்டார்கள்.

ஆனால் பட்டனை அமுக்கி மிஷினைத் தொடங்கி வைக்க வேண்டிய பெரிய மனிதர் குச்சனூர் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அவர் வந்து இறங்கியபோது ராகு காலம் பிறந்திருந்தது. அது முடியட்டும் என்று எல்லோரும் பந்தலில் உட்கார்ந்து கேசரி தின்றார்கள். லாரியின் டிரம் வெயிலில் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே காங்கிரீட் இறுக ஆரம்பித்துவிட்டது. அதை இளக்க டிரைவர் ஏறி ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். அப்படித் தண்ணீர் கூடினால் காங்கிரீட்டின் பலம் போய்விடும்.

நான் குடோன் முதலாளியிடம் போனேன். "ஐயா, இந்த லோடு கெட்டுப்போச்சு. திருப்பி அனுப்பிட்டு அடுத்தத போடுவோம்."

"மாலை போட்ட மொத லோட வாசல்ல இருந்து திருப்பி அனுப்புறதா? லச்சுமிய வெளிய போன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

"கேட்டுப் பக்கத்துலதான ஐயா இத போடப் போறீக? லோடு லாரி அங்கனதான் திரும்பும். பொளந்துக்கிரும்."

பந்தலே எங்கள் பக்கம் திரும்பியது. "நல்ல காரியத்துல என்ன பேச்சு இது? வேதக்காரப் புள்ளைக்கு நேரங்காலம் எங்க தெரியுது?" என்றார் முதலாளி. மேலதிகாரி என்னைத் தனியே இழுத்துப்போய், "வாய மூடிட்டு இருங்க மேடம். பெரியவுக வந்திருக்காக" என்றார். கேசரி நெய் அவர் மீசையில் ஒட்டியிருந்தது. படித்த மனுஷன், எல்லாம் தெரிந்தவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கைதட்டலோடு அந்தக் காங்கிரீட் விழுந்தது. மிஷின் நகர்ந்தபின் தளத்தின் ஓரம் நிற்காமல் சரிந்தது. அதையும் கரண்டியால் தேய்த்து மறைத்தார்கள். அதன்பின் வந்த லோடெல்லாம் சுத்தம். மீதி முற்றம் கண்ணாடிபோல வந்தது.

வாழை லாரிகள் ஓடத் தொடங்கிய சில மாதத்தில் கேட்டுப் பக்கம் மட்டும் பாளம் பாளமாக வெடித்துப் புழுதி கிளம்பியது. என்னையும் மேலதிகாரியையும் கூப்பிட்டார்கள்.

"மத்த எடமெல்லாம் கல்லாட்டம் இருக்குல்ல?" என்றார் முதலாளி. "இந்தப் புள்ள வாய் வச்ச எடம் மட்டும் பொளந்திருக்கு. கரிநாக்கு!"

நான் மேலதிகாரியைப் பார்த்தேன். தண்ணீர் விட்டதைக் கண்ணால் கண்டவர். "ஆமாங்கய்யா, அன்னைக்கே நான் இவுகள சத்தம் போட்டேன்" என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். அடுத்த சைட் போச்சு என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கிளம்பும்போது முதலாளியின் மனைவி உள்ளங்கையில் உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "கோவிச்சுக்காத தாயி. மறுபடி போடணும்ல, உன் வாய் பட்ட தோஷம் போகட்டும். இதுல மூணு தடவ துப்பிட்டுப் போயிரு."

மேலதிகாரி தலையாட்டினார், துப்பு என்று.

துப்பினேன். மூன்றோடு நிறுத்த மனம் வரவில்லை.