பெஸ்ஸி குட்டி போட்ட மத்தியானம்

சென்ற வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு அரிசிக் கடை வாசலில் ஒதுங்கினேன். அங்கே நனைந்து கிடந்த சாக்கிலிருந்து ஒரு வாடை வந்தது. உங்களுக்கு அது வெறும் சாக்கு வாடையாக இருக்கலாம். எனக்கு அது ஒரு பெட்டை நாய் குட்டி போடுகிற வாடை. இத்தனை வருஷமாகியும் என் மூக்கு திருந்தவில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். நானும் செல்லத்துரையும் ரயில்வே ஆபீசில் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகாததால் ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம், அவர் யாழ்ப்பாணம். என் ரசத்தை அவரும் அவருடைய தேங்காய்ப்பால் சொதியை நானும் குறை சொல்லிக்கொண்டே இரண்டையும் வழித்துச் சாப்பிடுவோம். ஊரில் அவருக்கு மூன்று தங்கைகள், மூவரும் இவரை நம்பி. ஆபீசிலோ ஆட்குறைப்பு. திங்கட்கிழமை வந்தால் எந்த மேசை காலியாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவோம்.

வேலை போய்க் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரை, மூட்டை முடிச்சுகளை ஏற்றிக் கொடுத்த செல்லத்துரையிடம் தன் நாயை விட்டுப்போனார். வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, ஃபாக்ஸ் டெரியர். பெயர் பெஸ்ஸி.

“பாம்புக்கும் எலிக்கும் துரைமார் தேடுற சாதி இது, ஐசே. ரெண்டு தரம் குட்டி எடுத்து வித்தால் நான் ஒருத்தனுக்கும் பயப்பிடத் தேவையில்லை” என்றார். துரைமாரின் ‘ஐ ஸே’ அவர் வாயில் ‘ஐசே’ ஆகியிருந்தது.

துரைமாரே ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்களே என்று நான் கேட்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். நாய்களைப் பற்றி எனக்கிருந்த அறிவு, இரண்டு முறை கடிபட்டது. அவருக்கு அதுவும் இல்லை. எங்கிருந்தோ ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்து சத்தமாக வாசிப்பார். பெஸ்ஸியும் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும். எங்கள் மூவரில் அதற்குத்தான் அதிகம் புரிந்திருக்க வேண்டும்.

ஜோடி சேர்க்கக் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம். அங்கே அன்னம்மா அக்கா என்று, ஆஸ்பத்திரி டிரெஸர் ஒருவரின் விதவை, இதே சாதி நாய்களை வளர்த்து வந்தார். செல்லத்துரை கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து அக்கா சிரித்தார்.

“அத அப்புறம் படிக்கலாம் லா. என் நாய் அடுத்த மாசம் குட்டி போடுது. வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க, தம்பி. ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்.”

“கட்டாயம் வாறம்” என்றார் செல்லத்துரை.

போகவில்லை. அக்கா சொல்லியனுப்பியபோது அது வேலை நாள். லீவு கேட்கிறவன் பெயர்தான் முதலில் பெரிய கிராணியின் கண்ணில் படும் என்று ஆபீஸ் முழுவதும் பயம். “ஆளைப் பிடிச்சு எங்கட பேரை ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிப்போகும்” என்றார் செல்லத்துரை. இருவரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம்.

பெஸ்ஸிக்கு வலி எடுத்தது ஒரு ஞாயிறு மத்தியானம், நல்ல மழையில். பின்கட்டில் சாக்கு விரித்த பெட்டிக்கு முன்னால் இருவரும் குந்தியிருந்தோம். முதல் குட்டி வழவழவென்று ஒரு பைக்குள் வந்தது. உள்ளே கால்கள் அசைந்தன. பெஸ்ஸி அதை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

நான் கையை நீட்டினேன். “தொடாதையும். தாய்க்குத் தெரியும்தானே” என்றார். புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

தாய்க்கும் அது தலைப்பிரசவம், தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கால்கள் நின்றுவிட்டன. இரண்டாவதும் அப்படியே போயிற்று. மூன்றாவது வந்தபோது செல்லத்துரையே பதறிப் பையைக் கிழித்தார். தொப்புள்கொடியை ஒட்ட வெட்டிவிட்டார். ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பெஸ்ஸி சாக்கைப் பிறாண்டிப் பிறாண்டித் தேடியது. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் போய்ச் சொன்னோம். முழுவதும் கேட்டார்.

“பையக் கிழிச்சு, மூக்கத் தொடச்சு, துண்டால நல்லாத் தேய்க்கணும். கொடியத் தள்ளி நூலால கட்டணும். அம்புட்டுதான்.”

“இவ்வளவுதானோ?” என்றார் செல்லத்துரை.

“அம்புட்டுதான். எனக்கும் ஆரும் காட்டல. மொத ஈத்து அத்தனையும் மண்ணுக்குள்ளதான் போச்சு.” பிறகு மெதுவாக, “அதான் வரச் சொன்னேன்” என்றார்.

அந்த மாதமே செல்லத்துரையின் மேசையும் காலியானது. பெஸ்ஸியை அக்காவிடம் விட்டுவிட்டு, சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். “இனித் தெரியும், ஐசே. தெரிஞ்சு என்ன செய்யிறது?” என்றார். என் குடையை அவரிடம் கொடுத்தேன்.

பெஸ்ஸி மறுபடி குட்டி போட்டபோது நான் போய் உட்கார்ந்தேன். அக்கா காட்டக் காட்ட, ஒரு பையை என் விரலாலேயே கிழித்தேன். துண்டால் தேய்த்தேன். குட்டி கத்தியது. நான்கும் பிழைத்தன. அவற்றை விலைக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் பாதி பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. கடைசியில் அக்கா நான்கையும் சுற்றுக் கிராமங்களான கம்பங்களில் கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார். அதோடு வளர்ப்பதையும் நிறுத்திக்கொண்டார். இதைச் செல்லத்துரைக்கு எழுதுவோமா என்று யோசித்தேன். எப்படி எழுதினாலும் அது அவரைக் குத்திக்காட்டுவது போலிருந்தது.

கிள்ளானில் அக்கா வீடு இருந்த இடம் இன்று டயர் கடை. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து வருஷங்களாகின்றன. அந்த வெள்ளை நாய்களை இந்தப் பக்கம் எங்கும் காணோம். செல்லத்துரை இறந்துபோனதை, உலகச் சண்டை முடிந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். என்ன வியாதி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.