ஸ்டீரிங் இல்லாத ரேஸ்காரர்

நிர்மலாதேவியின் புருஷன் வடிவேல் கார் ரேஸுக்குப் போகிறவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்கிறவர்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள் என்பதால், நிர்மலா பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வாள்.

மலையிலும் காட்டிலும் மண்ரோட்டிலும் நடக்கிற ராலி ரேஸில் ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளை நோட்டைப் பார்த்து முன்கூட்டியே படித்துக் கத்திக்கொண்டு வருவார். ‘லெஃப்ட் ரெண்டு, ரைட் நாலு, மேடு, பள்ளம்.’ எண், வளைவு எவ்வளவு ஒடிகிறது என்பதற்கு. புழுதியில் கண் தெரியாமல் ஓட்டுகிறவர் அந்தக் குரலை நம்பித்தான் வண்டியைத் திருப்புவார். அந்தக் குரல்தான் வடிவேல். மற்ற நாளில் உப்பளம் என்கிற பேட்டையில் ஒரு உதிரிபாகக் கடையில் நின்று பிரேக் ஷூ விற்பார். ராலி வந்தால், ஒரு ஹோட்டல்காரர் மகன் பிரேம்குமார் ஓட்டுகிற காரில் பக்கத்து சீட்டு.

அந்த சீட்டு அவருக்குக் கிடைத்ததற்குக் காரணம் வயிறு. குலுங்குகிற வண்டியில் எழுத்தைப் படித்தால் மனுஷனுக்குக் குமட்டும். வடிவேல் பல வருஷம் விழுப்புரம் பஸ்ஸில் நின்றபடியே பேப்பர் படித்துக்கொண்டு வேலைக்குப் போனவர். அவருக்கு முன்னால் பிரேம்குமார் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் முதல் மலை ஏறுவதற்குள் ஹெல்மெட்டை நாசம் செய்துவிட்டு இறங்கிப் போனவர்கள்.

கருவடிக்குப்பத்தில் இவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் லுயீஸ்; பிரெஞ்சு மரியாதைப்படி எல்லாருக்கும் ‘மிஸ்யே’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஃபார்முலா ரேஸ் வந்தால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டுதான் உட்காருவார், பூசைக்குப் போகிற மாதிரி. வடிவேலையும் கூப்பிட்டு வைத்துக்கொள்வார், சண்டை போட ஆள் வேண்டுமே.

“ஃபார்முலாதான்யா ராஜா,” என்பார். “அதுக்குக் கீழ ராத்திரி பகலா இருவத்திநாலு மணி நேரம் ஓட்டறானே, அவன். அப்புறம் பைக் ரேஸ்காரன். அதுக்கும் கீழ உன் ராலி. அந்த ராலியிலயும் ஓட்டறவனுக்குக் கீழ நீ. பஸ்ல கண்டக்டர் மாதிரி.”

“ஃபார்முலால என்னா மிஸ்யே இருக்குது? செக்கு மாடாட்டம் அதே ரோட்டையே அம்பது அறுவது தடவ சுத்தறான். கண்ண மூடிக்கினு திரும்பலாம். எங்களுக்கு அடுத்த வளைவுல ஆடு நிக்கிதா ஆள் நிக்கிதான்னே தெரியாது.”

“ஆடு நிக்கிற எடத்துல ஓட்டறது ரேஸாய்யா? அது சந்தைக்குப் போறது!”

ஒருநாள் லுயீஸ் காபி டம்ளர் எடுக்க வந்த நிர்மலாவையே கேட்டார். “நீ சொல்லும்மா, எந்த ரேஸ் ஒசத்தி?”

“ஃபார்முலாதான் மிஸ்யே.”

லுயீஸ் தொடையைத் தட்டினார். வடிவேல் முகம் சுருங்கியது.

“அவனுங்க துணில மண்ணு ஒட்டறது இல்ல. இவரு ராலிக்குப் போயிட்டு வந்தா மூணு வாட்டி அலசினாலும் செம்மண்ணு போவுதா? ஒரு நாளு வந்து தொவைச்சுப் பாருங்க, எது ஒசத்தின்னு தெரியும்.”

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், நிர்மலாவின் தங்கை கலைவாணியைப் பெண் பார்க்க உப்பளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை அன்பழகன், மின்துறையில் வேலை. அவன் அம்மா அஞ்சலாட்சி கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவராக விசாரித்தாள். நிர்மலாவின் முறை வந்தது.

“உன் வூட்டுக்காரரு என்னாம்மா பண்றாரு?”

உதிரிபாகக் கடை என்று சொல்ல வாயைத் திறந்தவள், மாப்பிள்ளையின் மாமா பெரிய காண்ட்ராக்டர் என்று அப்போதுதான் அந்த அம்மா அளந்துவிட்டது ஞாபகம் வந்து, “கார் ரேஸ் ஓட்டறாரு,” என்றாள்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். பெண்ணைப் பார்த்ததைவிடப் பெரிய கண்ணோடு வடிவேலைப் பார்த்தான். வடிவேல் நிர்மலாவைப் பார்த்தார். நிர்மலா மிக்சர் தட்டைப் பார்த்தாள்.

சம்பந்தம் முடிந்தது. சகலை ரேஸ்காரர் என்று அன்பழகன் தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் செய்தான்.

“அண்ணி, மாப்பிள்ள அழைப்புக் காரை சகலைதான் ஓட்டணும். பசங்ககிட்ட சொல்லிட்டேன். அம்மாவும் ஆசப்படறாங்க.”

போனை வைத்த நிர்மலா சமையலறையில் போய் நின்றாள். வடிவேல் பின்னாலேயே வந்தார்.

“உண்மைய சொல்லிடலாமா?”

“சொல்லி? பொய் சொல்லிப் பொண்ணு குடுத்தாங்கன்னு அந்தம்மா பந்தல்லயே ஆடும். கலைவாணிய காலம் பூரா குத்திக்காட்டும். கல்யாணம் முடியட்டும்யா.”

“அப்ப நான் ஓட்டக் கத்துக்கட்டா?”

லுயீஸிடம் ஒரு பழைய பெழோ கார் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து வண்டி, ஸ்டீரிங் இடது பக்கம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று முன்பே பேசியிருந்தார்கள். லுயீஸ் வடிவேலை உட்கார வைத்து வாசலிலேயே ஒருதரம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். வண்டி தவளை மாதிரி இரண்டு குதி குதித்து முருங்கை மரத்தின் முன்னால் நின்றது.

“நோன்! எறங்குய்யா!” என்று கதவைத் திறந்துவிட்டார் லுயீஸ். “என் பொஞ்சாதி க்ளெமான்ஸையே நான் இந்த ஸ்டீரிங்கத் தொட வுட்டதில்ல. நானே ஓட்டறேன். நீ உன் கண்டக்டர் சீட்ல உக்காரு.”

நிர்மலாவுக்கு மூளை வேலை செய்தது. ஸ்டீரிங் இடது பக்கம் என்றால் பக்கத்து சீட்டு வலது பக்கம். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவனைத்தான் ஊர் டிரைவர் என்று நினைக்கும். வண்டி முழுக்கப் பூ வேறு, உள்ளே ஸ்டீரிங் தெரியாது. மாப்பிள்ளையிடம் மட்டும், கார்க்காரர் ஸ்டீரிங்கை யாருக்கும் தரமாட்டார், சகலை பக்கத்தில் இருந்து வழி சொல்வார் என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அஞ்சலாட்சியிடம் எதுவும் சொல்லவில்லை.

பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, பொழுது சாய்ந்ததும் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கு முன்னால் பட்டாசு, நடுவில் பெழோ, பின்னால் வரிசைத்தட்டு ஏந்திய பெண்கள். நிர்மலா ஆப்பிள் தட்டோடு காரை ஒட்டி நடந்தாள். அஞ்சலாட்சி பக்கத்தில் பட்டுப்புடவை சரசரக்க வந்தாள்.

“உன் வூட்டுக்காரரு எம்மாம் நிதானமா ஓட்டறாரு பாரேன்! ரேஸ்காரருன்னா சும்மாவா?”

வலது ஜன்னலில் வடிவேலின் முகம் தெரிந்தது. நிர்மலா ஆப்பிளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

காருக்குள் லுயீஸுக்கு வியர்த்து ஊற்றியது. பேண்டுக்காரன் நின்றால் நிற்க வேண்டும், ஆடினால் நகர வேண்டும். கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. கண்ணாடியில் பூச்சரம் திரை போட்டிருந்தது.

“மொனாக்கோ ஃபார்முலா ரேஸ்ல கூட இப்படி ஓட்டச் சொல்ல மாட்டான்யா. அவன் கெட்டான் போ, வேகமா போயிடுவான். நடக்கற ஆளுக்குப் பின்னால நடக்கற மாதிரி ஓட்டச் சொன்னா தெரியும்.”

“பேசாம ஓட்டுங்க மிஸ்யே. நான் வழி சொல்றேன்.”

வழி சுலபம். நேரே போய், முதல் இடதுபக்க ரோட்டை விட்டுவிட்டு, இரண்டாவதில் திரும்பினால் மண்டபம். முதல் ரோடு சுடுகாட்டுக்குப் போவது. கருவடிக்குப்பத்தில் அந்த ரோட்டைத் தெரியாதவர் கிடையாது.

வடிவேலுக்கு ராலிப் பழக்கம். வளைவு வந்தபின் சொன்னால் காரும் ஆளும் பள்ளத்தில் கிடப்பார்கள், அதனால் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிரேம்குமார் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, வளைவு வந்ததும் திருப்புவார். லுயீஸுக்குப் பட்டாளத்துப் பழக்கம். உத்தரவு காதில் விழுந்தால் அந்த நிமிஷமே செய்துவிட வேண்டும்.

பத்தாயிரம் வாலா வெடித்தது. தெரு முழுக்கப் புகை.

“லெஃப்ட்!” என்றார் வடிவேல், இரண்டாவது ரோட்டை மனதில் வைத்து.

லுயீஸ் ஒடித்தார்.

பேண்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கார் இடது பக்கம் போனது. கார் பின்னால் போவதுதானே முறை என்று தட்டேந்திய பெண்கள் அத்தனை பேரும் காரோடு திரும்பினார்கள். புகை விலகியபோது வாத்தியச் சத்தம் எங்கோ கேட்டது. எதிரில் இரண்டு பக்கமும் வேலிமுள், நடுவில் உலர்ந்துபோன செவ்வந்தி மாலைத் துண்டுகள் கிடந்த ரோடு. மாடு ஒன்று அதை மென்றுகொண்டிருந்தது.

“அய்யோ!” என்று முதலில் கத்தியது அஞ்சலாட்சிதான். “சுடுகாட்டு ரோடு! எம் புள்ளையை மாலையும் கழுத்துமா சுடுகாட்டுக்கு இட்டாந்துட்டானே!”

கார் நின்றது. உள்ளே சண்டை வெளியே கேட்டது.

“நீதான்யா லெஃப்ட்ன்ன!”

“வரப்போவுதுன்னு சொன்னேன் மிஸ்யே!”

“வரப்போறத எதுக்குய்யா இப்ப சொல்ற? வந்தப்புறம் சொல்லு!”

“வந்தப்புறம் சொன்னா செத்துருவோம் மிஸ்யே!”

“இப்ப மட்டும் எங்க வந்து நிக்கிறோம்?”

அஞ்சலாட்சி வலது ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். “ரேஸாம் ரேஸு! தெருவுல ஒழுங்கா ஓட்டத் தெரியாத ஆளுக்கு எவன்யா ரேஸ் கார் குடுத்தான்? தூ! இந்தச் சம்பந்தமே வேணாம். வண்டியத் திருப்பு, நாங்க எங்க வூட்டுக்குப் போறோம்.”

தட்டேந்திய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மண்டபத்தில் கலைவாணி அலங்காரம் முடித்துக் காத்திருப்பாள். காருக்குள் வடிவேல், திட்டு மொத்தத்தையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஓட்டவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நிர்மலாவின் பொய் வெளியே வரும், அதனால் சொல்லவில்லை.

நிர்மலா ஆப்பிள் தட்டைக் காரின் தலையில் வைத்தாள்.

“அத்த, அவர வையாதீங்க. அவரு ஓட்டல.”

“நான் கண்ணால பாத்தேன்!”

“ஸ்டீரிங் அந்தப் பக்கம் இருக்குது, குனிஞ்சு பாருங்க. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. ரேஸ்ல பக்கத்துல உக்காந்து வழி சொல்றவரு. ஓட்டறாருன்னு பொய் சொன்னது நான். உங்க காண்ட்ராக்டர் அண்ணன் கதையக் கேட்டு வாய் நீண்டுபோச்சு. திட்டணும்னா என்னத் திட்டுங்க. எந்தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் தெரியாது.”

அஞ்சலாட்சி குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் ஸ்டீரிங்கும், அதைப் பிடித்தபடி லுயீஸும் இருந்தார்கள். லுயீஸ் மரியாதையாக, “பொன்சுவார் மதாம்,” என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னார்.

பின் சீட்டுக் கதவு திறந்தது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கினான்.

“சகல, நீங்க நாவிகேட்டரா?”

வடிவேல் தலையாட்டினார்.

“அட, முன்னாடியே சொல்லக் கூடாதா! ஓட்டறவனுக்குப் பயந்தா புடிச்சுக்க ஸ்டீரிங்காவது இருக்குது. உங்களுக்கு என்னா இருக்குது? அந்த வேகத்துல அடுத்தவன் கைய நம்பி உக்கார என்னால முடியாது சாமி. அம்மா, இவரு ஓட்டறவனவிட தில்லு.”

“தில்லு இருக்கட்டும்டா, நிக்கிற எடத்தப் பாரு!” என்றாள் அஞ்சலாட்சி. ஆனால் ஜன்னலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நிர்மலாவைப் பார்த்தாள். “பக்கத்துல உக்காந்து வழி சொல்றதுக்கு ரேஸ்ல ஆளு வெச்சிருக்கானா?”

“ஆமாம் அத்த.”

“கப்பு குடுப்பானா?”

“ஓட்டறவருக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு.”

“முப்பது வருசமா எங்கூட்டு ஆளு லாரி ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்லிக்கினு வரேன். ஒரு டம்ளரு எவன் குடுத்தான் எனக்கு?” அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “உன் வாய்க்கு அப்புறம் வெச்சுக்கறேன்டி. மொதல்ல ஒரு எலுமிச்சம்பழம் எடு,” என்றாள்.

தட்டிலிருந்த எலுமிச்சைகளை நான்கு சக்கரத்துக்கும் வைத்தார்கள். வண்டி பின்னால் நகர்ந்து நசுக்க வேண்டும். முன்னால் போனால் சுடுகாடு, திருப்ப இடம் கிடையாது. பின் கண்ணாடியையும் பூ மறைத்திருந்தது. வடிவேல் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“மிஸ்யே, இனிமே நான் ‘இப்ப’ன்னு சொன்னாதான் திருப்பணும். சரியா?”

“உத்தரவு!”

“ரைட் வரப்போவுது... வரப்போவுது... மாடு நிக்கிது, நில்லுங்க... மாடு போயிடுச்சு... இப்ப!”

பெழோ ஒரு பூ உதிராமல் பின்னாலேயே வந்து தெருமுனையில் நின்றது. அதற்குள் மாப்பிள்ளை இல்லாமல் மண்டபம் வரைக்கும் போய்விட்ட பேண்டுக்காரர்கள் ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். மண்டப வாசலில் ஆரத்தியை ஒன்றுக்கு மூன்றாகச் சுற்ற வைத்துத்தான் அஞ்சலாட்சி மகனை உள்ளே விட்டாள்.

விஷயம் ஆட்களுக்கு முன்னால் பந்திக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிர்மலா ஜாங்கிரி வாளியோடு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஏம்மா, சுடுகாட்டுக்கு ஓட்டினது உன் வூட்டுக்காரர்தானாமே?”

“ஓட்டினது வேற ஆளு,” என்றாள் நிர்மலா, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. “வழி சொன்னதுதான் எங்க வூட்டுக்காரரு. இன்னொரு ஜாங்கிரி வெக்கட்டா?”