சொல்லக் கூடாது என்றாள் மகள்

கம்பம் ஊரில் என் பெரியம்மா இறந்துபோன ஞாயிற்றுக்கிழமை, யூகேஜி படிக்கும் மகளை அவளுடைய அத்தாவிடம், அதாவது என் கணவரிடம், விட்டுவிட்டுப் போனேன். அவர் போடி கடைத்தெருவில் ஜமுக்காளம், பாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை திறப்பதில்லை. சாயங்காலம் நான் திரும்பியபோது இருவரும் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?"

"என்ன செய்ய, வீட்லதான் கெடந்தோம்" என்றார் அவர். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தலை பின்னிவிடும்போது அவள் கேட்டாள். "அம்மா, கழுத்தத் திருப்புனா டொக்குனு சத்தம் வருமா?"

துக்க வீட்டைப் பற்றி நாங்கள் பேசியதைக் கேட்டிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெரியம்மா காய்ச்சலில் படுத்து இறந்தவர். கழுத்து எங்கிருந்து வந்தது?

"யாரு சொன்னா இப்படி?"

அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். "சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னா?"

"அதையும் சொல்லக் கூடாது."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன். பெண் பிள்ளை வைத்திருப்பவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுத்தாள். எதிர்க் கடையில் ஷட்டரை இறக்கினால் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்தாள். குளிப்பாட்டும்போது உடம்பெல்லாம் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதனால் நிம்மதி வரவில்லை. மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையன் அவளுக்கு மிட்டாய் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவனோ பத்து நாளாக ஊரிலேயே இல்லை. பிறகு ஸ்கூல் வேன் டிரைவரை நினைத்தேன். வேனில் கடைசியாக இறங்குகிறவள் என் மகள்தான். கொஞ்ச தூரம் வண்டியில் அவளும் அவரும் மட்டும் வருவார்கள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விசாரிக்காமலே அடிதடிக்குப் போய்விடுவார் என்று பயம்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அந்த டிரைவர் முன்பு போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட் ஆட்களுக்கு ஜீப்பு ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். வழி நெடுக அவர் கண்ணாடியில் என் மகளை எத்தனை தடவை பார்க்கிறார் என்றே கவனித்துக்கொண்டு வந்தேன். பார்க்கத்தான் செய்தார்.

பிள்ளைகள் இறங்கி உள்ளே போனதும் அவரே பேச்செடுத்தார். "அக்கா, ஒன்னு கேக்கலாமா? பாப்பா நல்லாத் தூங்குதா?"

"ஏன் கேக்குறீங்க?"

"எம் மக தூங்க மாட்டேங்குதுக்கா. ஞாயித்துக்கெழம அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பறக்குற ஆளு வர்ற படம்தான, சின்னப் பிள்ளைக படம்னு நெனச்சேன். பாத்தா கழுத்த முறிக்கிறான், ஒரே ரத்தம். பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். பாப்பா எங்களுக்கு முன்னாடி உக்காந்திருந்துச்சு, அதான் கேட்டேன்."

"பாப்பாவா? யாரு கூட?"

"அண்ணே கூடத்தான். பாப்பாவோட அத்தா."

அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. தன்மேல் சந்தேகம் வரக் கூடாது என்று கதை கட்டுகிறாரோ என்று தோன்றியது. நேராகக் கடைக்குப் போனேன்.

கணவர் ஜமுக்காளங்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "படம் எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"எந்தப் படம்?" என்றார். மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "கார்ட்டூன் மாதிரிதான் இருக்கும்னு போனேன். கைப்பிள்ளையக்கூடத் தூக்கிட்டு வந்திருந்தாங்க. ஒங்கிட்ட சொன்னா விட மாட்ட" என்றார்.

"படத்த விடுங்க. அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. நாளைக்கு வேற எவனாவது அதையே சொன்னா, அவனுக்கும் வாய மூடிக்கிட்டுத்தான இருப்பா?"

பாய் கேட்டு ஒருவர் வந்து நின்றார். "பொறகு வாங்க" என்று கணவர் அவரை அனுப்பிவிட்டு, கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றியபடி நின்றார்.

அன்று சாயங்காலம் வேனிலிருந்து கணவரே மகளை இறக்கிக் கூட்டி வந்தார். மடியில் உட்கார வைத்து, "அத்தா தப்பாச் சொல்லிட்டேன்ம்மா. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லலாம்" என்றார். ஏதோ சோதிக்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அந்த அங்கிள் விட்ருங்க விட்ருங்கன்னு சொன்னாரு. ஹீரோ விடல. கழுத்தத் திருப்பிட்டாரு. எல்லாரும் விசிலடிச்சாங்க." அத்தாவின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள். "வீட்டுக்குப் போவோம்னு நான் சொன்னேன். நீங்க கை தட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்குக் கேக்கல."

"கேக்கலம்மா" என்றார் அவர்.

அவள் பாத்ரூமுக்குத் தனியாகப் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வேன் டிரைவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மகளைப் பற்றி விசாரிப்பேன். அவரைப் பற்றி நான் நினைத்தது அவருக்குத் தெரியாது.

போன மாதம் அதே மாதிரி இன்னொரு படத்துக்கு ஊரெங்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் மகளும் குரங்கணிக்குப் போய் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். உடுப்பு மாற்றும் சாக்கில் மகளை உள்ளே கூப்பிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். மீனைப் பிடிக்கப் பார்த்தது, சகதியில் சிக்கிய ஜீப்பை ஆட்கள் தள்ளியது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் வாசற்படியில் துண்டோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டைக் கொடியில் போடப் போய்விட்டார்.